எழுபத்தைந்து கிலோ

சனிக்கிழமை காலை எட்டரைக்கு
அவனைக் கடலில் தள்ளுவோம்.
ஆரஞ்சு நிறம். மூக்கு கிடையாது.
எடை எழுபத்தைந்து கிலோ என்று
முதுகில் அச்சடித்திருக்கும்.
பெயரில்லாத ஆளை எப்படித் தேடுவது என்று
ரத்னகிரிச் சமையல்காரன் கேட்டபோது
வாயில் வந்ததைச் சொன்னேன்: தொம்மை.
பொம்மைக்கு ஒத்து வந்தது, அவ்வளவுதான்.
மச்சினன் நினைப்பெல்லாம் இல்லை.

எங்கள் கப்பலுக்கு என்ன வேலை என்று
கூடுதாழையில் ஒருவருக்கும்
இன்றுவரை விளக்க முடிந்ததில்லை.
மும்பைக்கு மேற்கே, எண்ணெய் எடுக்கும் மேடை.
அதில் நூற்றுப் பதினாறு பேர்.
ஐந்நூறு மீட்டர் தள்ளி நாங்கள்
இருபத்தெட்டு நாள் சுற்றுவோம்.
தீப்பிடித்தால், வாயு கசிந்தால்,
ஹெலிகாப்டர் தவறி இறங்கினால்,
எவனாவது கால் வழுக்கினால்
ரப்பர் படகை இறக்கிப் போய்த் தூக்க வேண்டும்.

"இதுவரைக்கும் எத்தன பேரத் தூக்குன?"
பெண் கேட்டுப் போனபோது மாமனார்.
"இதுவரைக்கும் யாரும் விழல."
"அப்ப சும்மா கெடக்கதுக்குச் சம்பளம்."
ஆமாம் என்றேன்.
கடலுக்குப் போகாத மாப்பிள்ளை என்று
எங்கேயோ தப்பாகப் புரிந்துகொண்டு
பெண்ணைக் கொடுத்தார்.

பொம்மையை மூன்று நிமிடம் நாற்பதில் எடுப்போம்.
காற்றுக்கு எதிரே வந்து,
முகத்தை வானம் பார்க்கத் திருப்பி,
கக்கத்தில் கைகொடுத்து
ஒருமுறை அமுக்கி
தண்ணீர் தரும் உந்தலிலேயே மேலே.
ஒருநாளும் அவன் முரண்டு பிடித்ததில்லை.
நேரத்தை எழுதினால் கேப்டன் கையெழுத்துப் போடுவார்.
வெயிலில் தொங்கவிட்டால்
காலிலிருந்து சாயங்காலம்வரை கடல் சொட்டும்.

விடுப்பின் பத்தாம் நாள், ஆடிச் சோழகம்.
தொம்மையின் வள்ளம்
ஆழிக்குள் மூக்கை விட்டுக் கவிழ்ந்தது,
கரையிலிருந்து நாலு தென்னை தூரத்தில்.
போனது நாலு பேர்.
நீந்தி வந்த தலைகளை எண்ணினேன். பழக்கம்.
மூன்று.
மறுபடி எண்ணினேன்.
மூன்று.

சட்டையோடு இறங்கினேன்.
காற்று எந்தப் பக்கம் என்றே பார்க்கவில்லை.
வலையில் கால் மாட்டிக் கிடந்தவன்
என் கழுத்தைப் பிடித்தான்.
ஐம்பத்திரண்டு கிலோ இருப்பான்,
ஆனால் விரல் இருந்தது, நகம் இருந்தது.
பயிற்சியில் யாரும் என்னைக் கடித்ததில்லை.
ஓர் அலைக்கு நான் அவன்மேல்,
அடுத்த அலைக்கு அவன் என்மேல்.
கரையில் நின்றவர்களுக்கு
ஒரு தலைதான் தெரிந்ததாம்.
யாருடையது என்று தெரியவில்லையாம்.

மணலில் குப்புறப் போட்டதும்
ஒரு குடம் தண்ணீரைக் கக்கிவிட்டு
தொம்மை சொன்ன முதல் வார்த்தை எழுதக்கூடியதல்ல.
இரண்டாவது: "எஞ்சினு?"
எஞ்சின் போய்விட்டது.
தவணை இன்னும் பதினாலு மாதம் இருந்தது.
எஞ்சினை விட்டுவிட்டு அவனைத் தூக்கியதற்காக
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ராத்திரி பிரகாசி
என் தோளில் கடிவாய்க்கு மருந்து வைத்தாள்.
எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டேன்.
"கடியாரம் யாரு பாத்தா.
ஏழு அருள் நிறைந்த மரியே சொன்னேன்."
"ஏழும் உன் தம்பிக்கா?"
விரல் அப்படியே நின்றது.
"கொஞ்சம் அவனுக்கு. கொஞ்சம் ஒங்களுக்கு."
எது முதலில் என்று நான் கேட்கவில்லை.
விளக்கை அணைத்த பிறகு
அவளாகச் சொல்வாள் என்று விழித்திருந்தேன்.
கடல்தான் பேசிக்கொண்டிருந்தது.

இன்று சனிக்கிழமை.
சமையல்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு
சிரிப்பும் கூச்சலுமாக, தொம்மை, தொம்மை.
படகை இறக்கினோம். திருப்பினேன். தூக்கினோம்.
மூன்று ஐம்பத்தைந்து.
பதினைந்து விநாடி எங்கே போயிற்று
என்கிறார் கேப்டன்.
முகத்தைத் திருப்பியபின்
மூக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது.
காரணம்: நீவாடு,
என்று எழுதிக் கொடுத்தேன்.
கையெழுத்துப் போட்டார்.